ஆற்றைப் பூட்டுவதா, மீனை விடுவதா, எண்ணிக் கொடுப்பதா? சால்மனுக்காக மூன்று நாடுகள் போட்ட மூன்று விதிகள்

2024 ஜூன் மாதக் கடைசியில் நோர்வேயின் துரொண்ட்ஹைமிலிருந்து தம்பி ஒருவன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, ஆத்தைப் பூட்டிப்போட்டாங்கள்." அவன் சொன்னது கவுலா ஆற்றை. ஜூன் 1இல் பருவம் திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சுவீடன் எல்லை தொடக்கம் துரொண்டலாக் வரைக்கும் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை ஜூன் 23ஆம் தேதியோடு நோர்வேயின் சுற்றாடல் முகவரகம் நிறுத்திவிட்டது. அந்தக் கரையோரக் கடலிலும் தடை. தம்பி அனுமதி அட்டைக்குக் காசு கட்டி, வேலையில் லீவு எடுத்து, ரீலில் புதுத் தங்கூசி சுற்றி வைத்திருந்தவன். ஆனாலும் குரலில் கோபம் இருக்கவில்லை. "மீனே ஏறேல்லை அண்ணை. பூட்டாமல் என்ன செய்யிறது?"

நான் தூண்டில் போடுவது ஸ்கொட்லாந்தின் டீ ஆற்றில். அங்கே ஆறு திறந்திருக்கிறது. பிடித்த சால்மனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஒன்றுகூட. அயர்லாந்தில் வேறு முறை. ஆற்றுக்கு ஆறு மீனைக் கணக்கிட்டு, முட்டையிடத் தேவையானதுபோக மிச்சம் இருக்கும் ஆற்றில் மட்டும் அடையாளப் பட்டை கட்டி எடுக்கலாம். மூன்று நாட்டிலும் ஆற்றில் இறங்கி நின்றிருக்கிறேன். எந்த விதி மீனுக்கு நல்லது என்று தம்பியோடு பேசிப் பேசி வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அயர்லாந்தின் முறைதான். ஏன் என்பதுதான் மீதி.

மீனின் நிலைமை தெரியாமல் விதியை எடை போட முடியாது. ஊரில் 'சமன்' என்றால் தகர ரின்னில் அடைத்து வருவது. உள்ளே இருப்பது அனேகமாகக் கானாங்கெளுத்திக் குடும்பம். கடையில் செம்மஞ்சள் துண்டாக விற்கிற அட்லாண்டிக் சால்மன் கிட்டத்தட்ட எல்லாமே கடல் கூண்டில் வளர்த்தது. நான் பேசுவது காட்டு மீனைப் பற்றி. ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் பிறந்து, சில வருடம் அங்கேயே வளர்ந்து, உடம்பில் வெள்ளி கட்டியதும் கடலுக்கு இறங்கி, கிறீன்லாந்து, பரோ தீவுகள் வரை போய் மேய்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிட வரும் மீன். அயர்லாந்துக் கரைக்கு 1975இல் இப்படித் திரும்பியவை 17 லட்சத்து 60 ஆயிரம். 2022இல் 1 லட்சத்து 71 ஆயிரத்து 700. பத்தில் ஒன்று. 2006 முதல் 2020 வரை உலக அளவில் 23 விழுக்காடு குறைந்ததால், 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் இந்த மீனைச் செம்பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனமாக ஏற்றியது.

நோர்வேயின் பூட்டைப் பார்ப்போம். அதன் பலம் அதன் எளிமை. பூட்டிய ஆற்றில் தூண்டிலால் ஒரு மீனும் சாகாது. ஓட்டையும் இல்லை, வாதாட இடமும் இல்லை. பருவத்தின் நடுவில் முடிவெடுக்கும் துணிவு எந்த அரசுக்கும் இலகுவில் வராது; விடுதிக்காரர், ஆற்றங்கரை நிலக்காரர், வழிகாட்டிகள் எல்லோருடைய கோடை வருமானமும் அதில் போனது. அதற்காக அந்த முகவரகத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் பூட்டு என்பது கடைசி மருந்து. அதுவரை போட்டிருந்த விதி தளர்வாக இருந்ததால்தான் பாதிப் பருவத்தில் அதை எடுக்க வேண்டி வந்தது. போட்ட பூட்டைத் திறப்பதும் லேசான காரியம் இல்லை. நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் தானா ஆற்றில் 2021இலேயே சால்மன் பிடிப்பை இரு நாடும் நிறுத்தின. 1928இல் சுமார் 36 கிலோ சால்மன் தூண்டிலில் ஏறிய ஆறு அது. அந்தப் பிடிப்பு இன்றைக்கும் அட்லாண்டிக் சால்மனின் சாதனைக் கணக்கில் நிற்கிறது. அங்கே சால்மன் பிடிப்பது அந்த வடபகுதியின் பழங்குடியான சாமி (Sámi) மக்களுக்குப் பொழுதுபோக்கில்லை. தாத்தா வலை கட்டிய இடத்தில் அப்பா கட்டி, அப்பாவிடம் பிள்ளை பழகும் தொழில் அது. சில கோடைகள் விடுபட்டால் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்துவிடுவார்கள். மீன் திரும்பி வந்தாலும் அந்தக் கைப்பழக்கம் வருமா?

நோர்வே விஞ்ஞானிகள் குழுவே, காட்டு சால்மனுக்குப் பெரிய ஆபத்து கூண்டுப் பண்ணைகளிலிருந்து பரவும் கடல் பேனும், தப்பி ஓடி ஆற்று மீனோடு கலக்கும் வளர்ப்பு மீனும்தான் என்று ஆண்டுதோறும் எழுதிவருகிறது. அந்த நாட்டின் பண்ணைகள் வருடத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் உற்பத்தி செய்கின்றன. ஆற்றங்கரையில் நிற்பவனை ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்ப முடிந்த அரசு, கூண்டுக்காரனிடம் அதே வேகத்தைக் காட்டவில்லை. தம்பிக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். எனக்கும்.

ஆற்றில் ஆள் இல்லாமல் போவதிலும் ஓர் இழப்பு உண்டு. காவிரியில் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் மகசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடித்து அளந்து எழுதிவிட்டு விடுவார்கள். காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று 2012 அளவில் அது நின்றது. கூனல் மகசீர் எப்படி அருகிப்போனது என்பதை ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டுகொண்டது, அந்தத் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளிலிருந்துதான். ஆள் போனால் குறிப்பும் போகும், கண்ணும் போகும்.

அந்தக் கண்ணை ஆற்றங்கரையிலேயே வைத்திருப்பது ஸ்கொட்லாந்தின் முறை. 2016 முதல் அங்கே ஆறுகளுக்கு மீனின் நிலையைப் பார்த்து 1, 2, 3 என்று தரம் போடுகிறார்கள்; மூன்றுதான் மிக மோசம். மூன்றாம் தர ஆற்றில் பிடித்த சால்மனைக் கட்டாயம் விட வேண்டும். எந்தத் தர ஆறானாலும் ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் வசந்தகால மீனை விட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டிலே போடக்கூடாது. கரையோரக் கடலில் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் அதே 2016 விதியில் தடை. டீ ஆற்றுக்காரர்கள் அரசு சொல்லும்வரை காத்திருக்கவில்லை. 1990களின் நடுவிலேயே தாங்களாக மீனை விடத் தொடங்கிவிட்டார்கள்.

விடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லுவேன். மீனைக் கரைக்கு இழுக்காதே, நீ தண்ணீருக்குள் போ. முடிச்சில்லாத கைவலையில் அது கிடக்கட்டும். கையை நனைத்துக்கொள், உலர்ந்த கை பட்டால் செதில்மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்து அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் கூர்க்கொக்கியை இடுக்கியால் அமுக்கித் தட்டையாக்கியிருந்தால், முள்ளைத் தலைகீழாகத் திருப்பினாலே கழன்று வரும். பிறகு வாலின் ஒடுங்கிய இடத்தில் ஒரு கை, வயிற்றுக்கடியில் ஒரு கை, தலை நீரோட்டத்தை எதிர்த்தபடி. முதலில் செவுள் மட்டும் திறந்து மூடும். ஒரு நிமிடம், சில சமயம் ஐந்து நிமிடம். பிறகு வால் கைக்குள் இறுகும். பிடியை உதறிக்கொண்டு அது போகும்போது முழங்கை வரை தண்ணீர் அடிக்கும். சினை மீன் என்றால் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆயிரம் முட்டைக்கு மேல் அதன் வயிற்றில் இருக்கும். அந்த உதறலைக் கையில் உணர்ந்த பிறகு மீனைத் தலையில் அடித்துக் கொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

இதற்கு எதிராகப் பேசுபவர்களையும் நான் தள்ளமாட்டேன். நோர்வேயில் பலர் முகத்துக்கு நேரே கேட்பார்கள்: சாப்பிடாத மீனை ஏன் வதைக்கிறாய்? விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே சுவிட்சர்லாந்து 2009 முதல் சட்டத்தால் தடுக்கிறது. ஆற்றுக்குள் வந்த சால்மன் எதையும் உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டுதான் முட்டையிடும் நாள்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை என் பத்து நிமிட மகிழ்ச்சிக்கு நான் செலவழிக்கிறேன். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் உண்டு: தண்ணீர் குளிர்ந்திருந்தால், மீனைக் காற்றில் தூக்காமல் விட்டால், மிகப் பெரும்பாலானவை பிழைத்து முட்டையிடுகின்றன. தண்ணீரின் வெப்பம் 18 பாகை (செல்சியஸ்) தாண்டினால் ஆபத்து ஏறுகிறது. 20ஐத் தொட்டால் நான் கோலை மடக்கிவிடுவேன். ஸ்கொட்லாந்து முறையின் ஓட்டை இங்கேதான். மீனை விடு என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வெந்நீரில் தூண்டில் போடாதே என்பதைப் பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. கோடையில் ஒரு கிழமைக்குப் பெருந்தொகை கட்டி வந்தவனுடைய மனச்சாட்சி எவ்வளவு தாங்கும்?

இன்னொன்றும் உண்டு. 2010இல் ஸ்கொட்லாந்தில் தூண்டிலில் ஏறிய சால்மன் 1 லட்சத்துக்கு மேல். 2023இல் சுமார் 32 ஆயிரம். 1952இல் கணக்கெடுக்கத் தொடங்கியபின் அதுவே மிகக் குறைவு. அந்த 2023இல் பிடித்தவற்றில் 96 விழுக்காட்டை விட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறை விட்டும் மீன் குறைந்தது என்றால், விடுவது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது.

இப்போது அயர்லாந்து. 2007 தொடக்கத்தில் கடலில் சால்மனுக்கு மிதவலை விடுவதை அந்த நாடு நிறுத்தியது. எந்த ஆற்று மீன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளும் வலை அது. தூண்டில்காரர்களின் சங்கங்கள் அதற்காகப் பல வருடம் போராடின. அதன்பின் ஒவ்வோர் ஆறும் தனிக் கணக்கு. இந்த ஆறு தழைக்க இத்தனை மீன் முட்டையிட வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஒரு வரம்பு வைக்கிறார்கள். வரம்புக்கு மேல் மீன் வருமானால் அந்த மிச்சத்தை மட்டும் எடுக்கலாம். வரம்பில் பாதியாவது வருமானால் பிடித்து விடலாம். அதற்கும் கீழே என்றால் பூட்டு. ஆண்டுதோறும் திருத்தி, பருவம் தொடங்கும் முன்பே அறிவித்து, பொதுமக்களின் கருத்தையும் கேட்கிறார்கள். ஆக நோர்வேயின் பூட்டும் ஸ்கொட்லாந்தின் விடுதலும் இதற்குள் இருக்கின்றன, தேவைப்படும் ஆற்றுக்குத் தேவைப்படும் அளவில்.

மோய் ஆற்றில் ஒரு ஜூலை மாதம் இரண்டரைக் கிலோ மீன் ஒன்றை எடுத்தேன். உரிமத்தோடு வந்த நீலப் பட்டை ஒன்றைச் செவுளுக்குள் விட்டு வாய்வழியே இழுத்துப் பூட்ட வேண்டும். ஒரு 'டிக்' சத்தம். ஒருமுறை பூட்டினால் வெட்டாமல் கழற்ற முடியாது. ஈரக் கையோடு பதிவேட்டைத் திறந்து நாள், ஆறு, எடை, பட்டை இலக்கம் எழுதினேன். அப்போதைய விதியில் வருடத்துக்குப் பத்து மீன்தான், சால்மனுக்கு உறவான கடல் டிரவுட்டில் பெரியதும் அதில் அடக்கம். மே 11 வரை நாளுக்கு ஒன்று, அதுவும் மொத்தம் மூன்று. அதன்பின் ஓகஸ்ட் முடியும்வரை நாளுக்கு மூன்று. செப்டெம்பரில் மறுபடியும் ஒன்று. அன்றைய அளவு முடிந்தபின்னும் போட விருப்பமானால், கூர்க்கொக்கி இல்லாத ஒற்றை முள்ளோடு போட்டு, விட வேண்டும். மண்புழு கூடாது, புழுவை மீன் தொண்டைக்குள் விழுங்கிவிடும், முள்ளை எடுப்பதற்குள் செத்துவிடும்.

பட்டையின் சிறப்பு ஒன்றுண்டு. பட்டை இல்லாத சால்மனைக் காரின் பின்பெட்டியில் கண்டால் அது களவு என்று யாருக்கும் தெரியும், அதிகாரி வந்து சொல்லத் தேவையில்லை. எடுக்கிற மீன் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகிறது. ஒரு மீனையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற உரிமை இருப்பதால் உள்ளூர்க்காரன் ஆற்றை விட்டுப் போகாமல் இருக்கிறான். குழாயில் எண்ணெய் கசிந்தால், இரவில் யாராவது வலை கட்டினால், முதல் தொலைபேசி அவனிடமிருந்துதான் வரும்.

குறையும் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தால்தான் முறை சரியாக இருக்கும். எண்ணும் கருவி இல்லாத சிறு ஆறுகளில் அது மதிப்பீடுதான். வெப்பத்துக்கு இங்கேயும் கண்டிப்பான வரம்பு வேண்டும். கனடாவின் மிராமிச்சியில் தண்ணீர் சூடேறினால், மீன் ஒதுங்கும் குளிர்ந்த மடுக்களில் தூண்டிலைத் தடுத்துவிடுகிறார்கள். அதை அயர்லாந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தூண்டில் விதி எவ்வளவு நல்லதானாலும் ஆற்றையும் கடலையும் சீராக்காமல் மீன் பெருகாது. 2019இல் ஸ்கொட்லாந்தின் மொரே வளைகுடாவில் விழும் ஏழு ஆறுகளில் 800 இளம் சால்மன்களுக்கு ஒலிக்கருவி பொருத்தித் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி, கடலையே காணாமல் ஆற்றுக்குள்ளேயே தொலைந்தன. டீ ஆற்று அறக்கட்டளை 2035க்குள் பத்து லட்சம் மரம் நட முனைவது இதனால்தான். மேலோடைகளில் நிழல் விழுந்தால் தண்ணீர் குளிரும். கடல் பக்கத்துக்கு உதாரணம், ஐஸ்லாந்தின் தூண்டில்காரர் ஓரி விக்ஃபூசன். 1989இல் நிதியம் ஒன்றைத் தொடங்கி, கிறீன்லாந்து, பரோ தீவு வலைக்காரர்களுக்கு ஈடு கொடுத்து வலையை நிறுத்த வைத்தார். மீனவனைத் திட்டாமல், அவன் பிழைப்புக்கு வழி செய்து கேட்டார். கூண்டுப் பண்ணை விடயத்திலும் நாங்கள் அந்த அளவு பொறுமையோடும் பிடிவாதத்தோடும் கேட்க வேண்டும்.

வருகிற ஆண்டுப் பட்டியலில் மோய் திறந்திருந்தால் செப்டெம்பரில் தம்பி வருகிறான். ஒரு நாளைக்கு ஒரு பட்டை. அவன் ஒன்றை எடுத்துச் சமைக்க ஆசைப்படுகிறான், நான் தடுக்கப்போவதில்லை. வெப்பமானியை நான் கொண்டுபோகிறேன். 20 காட்டினால் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதாக ஒப்பந்தம்.