லண்டனுக்குப் பழைய டீசல் காரில் வருவோர்: உள்ளே ஓட்டுவதா, எல்லையில் நிறுத்துவதா?

லண்டனில் நடக்கும் உறவினர் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து காரில் புறப்படுகிறவர்கள், எந்த வழியாகப் போவது என்று யோசிப்பதற்கு முன்பே தங்கள் வண்டி யூலெஸ் (மாசு அதிகம் கக்கும் வண்டிகளுக்கு நாள் கட்டணம் விதிக்கும் லண்டன் மண்டலம்) தரத்தை எட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் கார் யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்திலும் டீசல் கார் யூரோ 6 தரத்திலும் இருந்தால் கட்டணமே இல்லை. பொதுவாக 2006 முதல் பதிவான பெட்ரோல் கார்களும் 2015 செப்டம்பருக்குப் பின் பதிவான டீசல் கார்களும் தேறிவிடும். லண்டன் போக்குவரத்தை நிர்வகிக்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் அமைப்பின் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டால் உடனே விடை தெரியும். வீண் கவலையில் பணம் கட்டிவிடுகிறவர்களும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேறாத வண்டி வைத்திருப்பவர்களுக்கே கீழே உள்ள ஒப்பீடு.

2019 ஏப்ரலில் மைய லண்டனில் தொடங்கிய இந்த மண்டலம், 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரையும், 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகள்) விரிந்தது. ஆகவே ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ என்று நம்மவர்கள் கூடும் இடங்கள் எல்லாமே இப்போது உள்ளேதான் இருக்கின்றன. ஹீத்ரோ விமான நிலையமும் உள்ளேதான். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் போவதற்கு யூலெஸ் கட்டணம் இல்லை.

முதல் வழி, நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டிவிட்டு உள்ளே ஓட்டுவது. கிறிஸ்துமஸ் நாள் தவிர ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் இந்தக் கட்டணம் உண்டு. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்பதுதான் இதில் பலரும் சறுக்குகிற இடம். சனிக்கிழமை மதியம் வந்து, ரிசப்ஷன் முடிந்து, மீந்த சாப்பாட்டு டப்பாக்களை டிக்கியில் அடுக்கி, பாட்டியை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டு, நான்கு பேரிடம் விடைபெற்றுச் சாவியைத் திருப்பும்போது மணி 12.05 ஆகியிருந்தால், அது இரண்டாம் நாள்; மொத்தம் 25 பவுண்டு. சுங்கச் சாவடியோ தடுப்புக் கம்பியோ கிடையாது. கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும், பில் எதுவும் வராது. பயணம் செய்த நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் நாமாகவே கட்டிவிட வேண்டும். தவறினால் 180 பவுண்டு அபராதம். 14 நாளுக்குள் கட்டினால் 90.

மைய லண்டனுக்குள் நுழைந்தால் நெரிசல் கட்டணம் தனி. 2026 ஜனவரி முதல் அது 18 பவுண்டு. யூலெஸ் கட்டியவருக்கு அதில் சலுகை இல்லை. புத்தம் புதிய காருக்கும் அது உண்டு. கிழக்குப் பக்கம் பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கப் பாதைகளுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம் உண்டு. வழிகாட்டி செயலி தானாக அங்கே இழுத்துச் செல்லாதபடி, கட்டணச் சாலைகளைத் தவிர்க்கும் வசதியை முன்பே போட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் வழி, உள்ளே வந்தாலும் வந்த இடத்தில் வண்டியை அசையாமல் விட்டுவிடுவது. நிற்கிற வண்டிக்கு யூலெஸ் கட்டணம் இல்லை என்பதை அறியாதவர்கள் நிறையப் பேர். வெள்ளி மாலை ஹாரோவுக்கு வந்து ஞாயிறு திரும்பும் குடும்பம் மூன்று நாளும் ஓட்டினால் 37.50 பவுண்டு, சனிக்கிழமை வண்டியைத் தொடாமல் மண்டபத்துக்கு பஸ்ஸிலோ உறவினர் காரிலோ போனால் 25. இது முழுவதும் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உறவினர் வீட்டு முகப்பில் இடம் இருந்தால் கவலையே இல்லை. தெருவில்தான் விட வேண்டும் என்றால், கம்பத்தில் உள்ள பலகையை இறங்கிப் போய் நின்று படிக்க வேண்டும். சில தெருக்களில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே பெர்மிட் கட்டாயம், சிலவற்றில் நாள் முழுவதும் கட்டாயம். விருந்தினருக்கான பெர்மிட்டை வீட்டுக்காரர்தான் பரோவிடம் வாங்கித் தர முடியும் என்பதால் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். வெம்பிளியில் ஸ்டேடியத்தில் ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் நாட்களில் சுற்றுவட்டாரத் தெருக்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வந்துவிடும். நேற்று நிறுத்திய அதே இடத்தில் இன்று நிறுத்தினாலும் அபராதச் சீட்டு கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது, எல்லைக்கு வெளியே உள்ள ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயிலில் போவது. எல்லா ஸ்டேஷனும் எல்லாருக்கும் பொருந்தாது என்பதால் ஸ்டேஷனைத் தேர்வு செய்வதில்தான் இதன் பலன் இருக்கிறது. ஹாரோ, வெம்பிளி பக்கம் போகிறவர்களுக்கு ரிக்மன்ஸ்வொர்த் ஏற்றது; ட்யூப் எனப்படும் நிலத்தடி ரயிலின் மெட்ரோபாலிட்டன் பாதையில் ஹாரோ-ஆன்-த-ஹில், வெம்பிளி பார்க் இரண்டுக்கும் நேராகப் போகலாம். டோவர் துறைமுகத்தில் இறங்கி வருகிறவர்களுக்கு எப்ஸ்ஃப்ளீட்டிலிருந்து அதிவேக ரயில் இருபது நிமிடத்துக்குள் செயின்ட் பாங்க்ராஸ் சேர்க்கும், டிக்கெட் சற்றே கூடுதலானாலும். கிழக்கே சென்ட்ரல் பாதையின் கடைசி ஸ்டேஷனான எப்பிங்கைப் பலரும் சொல்வார்கள்; பகல் பயணத்துக்கு அது நல்லதுதான். வெள்ளி, சனி இரவுகளில் ஓடும் நைட் ட்யூப் லௌட்டனோடு நின்றுவிடும், எப்பிங் வராது. லௌட்டனும் எசெக்ஸில், மண்டலத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே இரவு தாமதமாகத் திரும்புகிறவர் அங்கே நிறுத்துவதே புத்திசாலித்தனம். மெட்ரோபாலிட்டன் பாதையில் நைட் ட்யூப் கிடையவே கிடையாது. 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் நான்கு பேர் வரை ட்யூபில் இலவசமாகப் போகலாம் என்பதால், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குச் செலவு நினைப்பதைவிடக் குறையும்.

வாடகைக் கார் நான்காவது வழி. வாடகை வண்டிகள் பெரும்பாலும் புதியவை, யூலெஸ் பிரச்சினை வராது. ஆனால் நெரிசல் கட்டணமும் பார்க்கிங் தொல்லையும் அப்படியே இருக்கும். அபராதம் வந்தால் நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கார்டில் எடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, தினமும் ஓட வேண்டியிருப்பவருக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

என் கணக்கில், பகலில் வந்து மாலையில் திரும்பும் ஒருவர் இருவருக்கு மூன்றாம் வழியே மேல். இரண்டு இரவு தங்குகிறவர்கள், வீட்டு முகப்பில் இடம் கிடைத்தால், இரண்டாம் வழியில் வரலாம். முழங்கால் வலியுள்ள முதியவர்களையும் தூங்கும் குழந்தையையும் நள்ளிரவில் ரயிலேற்றி இறக்குவதைவிட 25 பவுண்டு கட்டுவதே சரி. அதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. மற்றவர்கள் பழைய டீசல் வண்டியை வெளியே விட்டுவிட வேண்டும் என்று நான் விரும்புவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. தெற்கு வட்டச் சாலைக்கு அருகே வாழ்ந்து, ஆஸ்துமாவால் 2013-ல் இறந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தத் தெருக்களின் வழியாகத்தான் நாமும் கல்யாணத்துக்குப் போகிறோம்.

பாரிஸ், ஜெர்மனி போன்ற இடங்களிலிருந்து தங்கள் சொந்த எண் பலகையுடன் வருகிறவர்கள், வண்டி தரத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும், புறப்படுவதற்குப் பல நாட்கள் முன்பே டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், வண்டியின் மாசுத் தரத்தைக் காட்டும் பிரெஞ்சு கிரிட்-ஏர் ஸ்டிக்கரோ ஜெர்மனியின் பச்சை ஸ்டிக்கரோ இங்கே செல்லாது.