மூன்றரை மணி நேரம் யாரும் என் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை

இரவு இரண்டு மணிக்கு இடது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி, அரை மணி நேரத்துக்குள் அடிவயிறு வழியாகத் தொடையிடுக்கு வரை இறங்கிவிட்டது. என் மனைவி காரை ஓட்ட, பின்னிருக்கையில் குப்புறக் கவிழ்ந்தபடி, பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவை நான் அடைந்தபோது மணி 2:40. வலிக்கான முதல் ஊசி எனக்குப் போடப்பட்டது 6:15க்கு. இடைப்பட்ட நேரத்தில் நடந்ததையும் நடக்காததையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

காத்திருக்க வைத்தார்கள் என்பது என் புகார் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகமோ அவரையே முதலில் பார்ப்பார்கள், அதுவே சரியும்கூட. அன்றிரவு விபத்தில் சிக்கிய இருவரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கியது. இருந்த ஒரே பணி மருத்துவர் அவர்களிடம் ஓடியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால், யாருக்கு எவ்வளவு அவசரம் என்று தரம் பிரிக்க வேண்டுமென்றால், வந்தவரை முதலில் ஒருமுறையாவது பரிசோதித்திருக்க வேண்டும். என் பெயர், வயது, முகவரி, காப்பீட்டு அட்டை எண் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கவில்லை, பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்ற சாதாரணக் கேள்விகூட வரவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இரு முனைகளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அதைப் பார்த்த செவிலியர், “அவ்வளவு வலி இருந்தா இப்படி நடக்க முடியாது சார், உட்காருங்க” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொன்னார் என்பதே என்னை இன்றுவரை கலங்க வைக்கிறது. குடல்வால் வெடித்து வயிற்றின் உள்ளுறை அழன்றுபோன நோயாளி, அசைந்தால் வலி கூடும் என்பதால் ஆடாமல் அசையாமல் படுத்திருப்பார். சிறுநீர்க்குழாயில் கல் அடைத்தவருக்கோ எந்த நிலையிலும் வலி தணியாது. புரள்வார், நடப்பார், வாந்தி எடுப்பார். கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறுவதாலும், கல்லைக் கீழே தள்ளக் குழாய் இறுகுவதாலும் வலி அலை அலையாக எழும். அப்படியிருக்க, என் நோயைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய நடையையே நோயில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

என் மனைவி மூன்று முறை முகப்புக்குச் சென்று, ஒரு வலி ஊசியாவது போடுங்கள் என்று கேட்டார். டாக்டர் பார்ப்பதற்கு முன் வலியைக் குறைத்துவிட்டால் என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும் என்ற பதிலே மூன்று முறையும் வந்தது. ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் மருத்துவர்களே அப்படி நம்பினார்கள். வயிற்று வலிக்கு முன்கூட்டியே வலி நிவாரணி கொடுப்பதால் நோயறிதல் தவறிப்போவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. மருத்துவரின் உத்தரவின்றிச் செவிலியர் ஊசி போட முடியாது என்றால், அந்த உத்தரவைப் போய்க் கேட்டு வர ஒருவர்கூட இல்லையா? நான் தரையிலேயே வாந்தி எடுத்தபோது ஓடிவந்து பாத்திரம் பிடித்தவர், தன் தாயை அழைத்து வந்திருந்த ஒரு பெண். மருத்துவமனை ஊழியர் அல்லர்.

ஆறு மணிக்குப் பணி மாறியது. காலைப் பணிக்கு வந்த மருத்துவர், நான் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே அருகில் வந்து, முதுகின் இடப்புறத்தை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, டைக்ளோஃபெனாக் ஊசிக்கு எழுதிக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் என்னால் ஒரு நாற்காலியில் உட்கார முடிந்தது. சி.டி. ஸ்கேனில் 4 மி.மீ. கல் தெரிந்தது. இந்த அளவுள்ள கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்று விளக்கி, தண்ணீர் குடிக்கும் முறை, சிறுநீரை வடிகட்டிப் பார்க்கும் முறை எல்லாம் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சலோ குளிரோ இருந்ததா என்பது. அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்துவிட்டால் அது ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும், தேங்கிய சிறுநீரை உடனடியாக வெளியேற்ற வேண்டியிருக்கும் என்றார். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அது இல்லை என்பது 2:40லிருந்து அந்த நேரம் வரை அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

எழுத்துமூலம் புகார் அளித்தேன். நீண்ட காத்திருப்புக்கு வருந்துவதாக இரண்டு வரியில் பதில் வந்தது. பரிசோதனை ஏன் நடக்கவில்லை என்ற என் கேள்விக்கு அதில் விடை இல்லை. இதே நிலையில் அங்கு செல்பவர்கள், வலி எத்தனை என்பதை எண்ணாகவே சொல்லுங்கள். காய்ச்சல், வாந்தி, சிறுநீர் வராமை, கர்ப்பம், ஒரே சிறுநீரகம் போன்றவை இருந்தால் கேட்காமலேயே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நிலைமை மோசமானால் உடன் வந்தவரை அனுப்பி, மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன். அவை இரண்டும் காலைப் பணிக்கு வந்த அந்த மருத்துவருக்கே உரியவை.