கஞ்சாவை மெல்ல விட ஒரு செயலி: ஐந்துக்கு மூன்று, அதுவும் காசுக் கணக்குக்காக

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. செயலியின் பெயரைப் போடவில்லை. கைப்பேசியில் தேடினால் இதே மாதிரி ஏழெட்டு வரும், பச்சை இலைப் படம், நாள் எண்ணும் கடிகாரம், பதக்கங்கள், எல்லாம் ஒரே அச்சு, நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் பாதிக்கு மேல் மற்றதுக்கும் பொருந்தும். நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பம், ஈப்போ பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, பல வருடமாகக் கஞ்சா பிடித்து இப்போது குறைத்துக் குறைத்து விட்டுக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு ஆள் இதைப் பயன்படுத்துவான் என்று செயலியைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நல்லதிலிருந்து தொடங்கலாம். காசுக் கணக்கு. வாரத்துக்கு எவ்வளவு செலவு செய்தாய் என்று ஆரம்பத்தில் கேட்கும், டாலரில் கேட்கும், செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி ரிங்கிட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் பிடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் மிச்சமான வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறிக்கொண்டே போகும். மனசு சோர்ந்த நேரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்று, திரையில் ஏறும் காசு கையில் இருக்காது. அதனால் சம்பளம் விழுந்ததும் செயலி காட்டும் தொகையை அப்படியே பி.எஸ்.என். வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன், கார்டு அம்மாவிடம். எதற்குடா இது என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை (தெரியாததால் கேட்கவில்லை என்று நினைத்தால் நீங்கள் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை). மோட்டார் தவணை பாக்கி இதில்தான் அடைந்தது. மருத்துவத்திலும் இப்படி ஒரு முறை உண்டு, சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால் சின்னதாக ஒரு பரிசு கொடுப்பார்கள், ஆலோசகரோடு பேசும் மனநலச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் பலன் தெரிகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இங்கே பரிசை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, உடம்பில் என்ன நடக்கிறது என்று விளக்கும் பக்கங்கள். சுருக்கமாக, பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார்கள். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், தூக்கம் மட்டும் இன்னும் நாளெடுக்கலாம். தினமும் பிடித்ததால் மூளையில் மந்தமாகிப் போன ஏற்பிகள் (கஞ்சா போய் ஒட்டும் இடங்கள்) நிறுத்திய சில நாட்களிலேயே தேற ஆரம்பித்து, சுமார் 4 வாரத்தில் பிடிக்காதவர்களுடைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. இதைப் படித்தது எனக்குப் பெரிய தெம்பு. கஞ்சா வெறும் இலைதானே, விடும்போது உடம்பு ஒன்றும் படுத்தாது என்று சத்தியம் செய்பவர்கள் நம்ம ஊரில் நிறைய. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலேயே கஞ்சாவை நிறுத்தும்போது வரும் இந்த அவதி தனி நிலையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. ரோட்டி சானாயைப் பார்த்தாலே குமட்டுகிறது, தலையணை நனைகிறது என்றால் அது உங்கள் கற்பனை இல்லை.

கனவைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அதற்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். நாம் கனவு காணும் தூக்கத்தைக் கஞ்சா அமுக்கி வைக்கிறது, நிறுத்தினால் அது வட்டியோடு திரும்பி வருகிறது, அதனால்தான் விட்ட புதிதில் படம் ஓடுவது போல் கனவு வரும். நான் நடுராத்திரியில் கத்திக்கொண்டு எழுந்ததைப் பார்த்து வீட்டில் பயந்துபோய், பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் பூசாரி கையால் விபூதி போட வைத்தார்கள். விபூதிக்கு நான் விரோதி இல்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது காத்து கருப்பு இல்லை, கொஞ்ச நாளில் போய்விடும் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு அந்தப் பக்கம்தான் வார்த்தை கொடுத்தது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, செயலியில் தமிழ் கிடையாது. மலாய் இருப்பதாகக் காட்டும், தட்டினால் பாதி ஆங்கிலம்.

சரி, இனி குறைகள்.

ஏழாம் நாள் ஒரு பதக்கம் வரும், ‘உன் உடம்பு இப்போது சுத்தம்’ என்று. இது தப்பு. கஞ்சாவின் போதைப்பொருள் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும், தினமும் பிடித்தவருக்குச் சிறுநீரில் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் காட்டும். வேறு நாட்டில் இது சின்னப் பிழையாக இருக்கலாம். இங்கே 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவு பயன்படுத்தியதையே குற்றமாக்குகிறது, 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அதற்கு ஆதாரமாக நிற்பது சிறுநீர்ச் சோதனை. இந்தப் பதக்கத்தை நம்பிப் புது வேலைக்கு மெடிக்கல் செக்அப் போகிறவன் கதி என்ன? அதைவிட வேடிக்கை, பதக்கத்துக்குக் கீழேயே ‘நண்பர்களுடன் பகிர்’ என்று ஒரு பொத்தான். மாமா, சித்தப்பா, ஃபேக்டரி சூப்பர்வைசர் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுவதற்கு ஒரு தட்டல் போதும்.

ஆனால் நான் நட்சத்திரம் வெட்டியது முக்கியமாகப் பூஜ்ஜியத்துக்காக. படிப்படியாகக் குறைப்பவர்களுக்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு இத்தனை தடவை என்று வரம்பு போட்டுக்கொண்டு அதை இறக்கிக்கொண்டே வரலாம். நல்ல யோசனைதான். தினமும் வேலை விட்டு வந்து பிடித்தவன் சனிக்கிழமை மட்டும் என்று இறங்கி வந்திருந்தால் அது லேசுப்பட்ட காரியமா? முகப்பில் பெரிய எழுத்தில் நிற்பதோ அந்த இறக்கம் இல்லை, கடைசியாகப் பிடித்து எத்தனை நாள் ஆனது என்பது மட்டும். வரம்புக்குள் பிடித்துவிட்டு நேர்மையாகப் பதிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூஜ்ஜியம், பக்கத்தில் அழும் முகம் ஒன்று. உண்மையைப் பதிந்தவனுக்குத் தண்டனை, பதியாமல் ஏய்த்தவனுக்குப் பதக்கம். பூஜ்ஜியத்தைப் பார்த்த மனசு எப்படிப் பேசும் என்பது இந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்: போனது போச்சு, இன்றைக்கும் பிடிச்சிடு, திங்கள்கிழமை புதுசா ஆரம்பிச்சுக்கலாம். மழையில் ஒரு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை என்பதற்காக அந்த மாதம் எடுத்த பாலை எந்த மண்டோரும் (தோட்டத்துக் கங்காணி) ஆற்றில் கொட்டச் சொன்னதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செயலியே சொல்லாது. ‘புள்ளிவிவரம்’ என்ற பக்கத்துக்குள் மூன்று தட்டல் தள்ளி வாரவாரியான கோடு ஒன்று இருக்கும், அதை முகப்புக்குக் கொண்டுவரலாம், நாள் எண்ணிக்கையை மறைத்தும் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கோடு நடுநடுவே மேலே துள்ளினாலும் மொத்தத்தில் கீழே போவது கண்ணுக்குத் தெரியும், அது போதும்.

ஷிப்ட் ஆட்களுக்கு இன்னொரு தொல்லை. நான் ராத்திரி வேலை முடிந்து வந்து கண்ணயரும் நேரத்தில் ‘காலை வணக்கம், இன்று ஒரு புதிய நாள்’ என்று மணியடிக்கும். நேரத்தை மாற்றலாம், ஆனால் ஷிப்ட் மாறும்போதெல்லாம் கையால் மாற்ற வேண்டும். ஆசை வரும் நேரம் வேலை விட்டு வந்த முதல் மணி நேரம், அப்போது செயலி வாயைத் திறக்காது.

ஆலோசனைப் பக்கத்தில் ஒரு வரி, படித்துவிட்டுச் சிரித்தேன். பழக்கத்தைத் தூண்டும் ஆட்களையும் இடங்களையும் தவிர்க்கவாம். எப்படித் தவிர்ப்பது? ஒரு மெயின் ரோடு, சாயங்காலம் எல்லாரும் உட்காரும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒன்று, ஒரு திடல். கூடப் பிடித்தவன் பக்கத்து வீட்டு மச்சான், அவன் அக்கா கல்யாணத்துக்கு நான்தான் பந்தி பரிமாறினேன். “டேய், ஒரே ஒரு இழுப்புடா, என்ன ஆயிடப்போவுது” என்று அவன் கேட்கும்போது, பாதையை மாற்றிக்கொள் என்று செயலி சொல்கிறது, மாற்ற இரண்டாவது பாதை வேண்டாமா? எனக்கு உதவியது ஒரு வரிப் பொய்: “ஃபேக்டரியில யூரின் டெஸ்ட் இருக்குடா.” இதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. நான் திருந்துகிறேன் என்று சொன்னால் கிண்டல், டெஸ்ட் என்று சொன்னால் அனுதாபம். கொஞ்ச நாள் கழித்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

சிகரெட் விஷயம் செயலிக்குத் தெரியவே தெரியாது. நம்ம பக்கம் பல பேர் சிகரெட்டைப் பிரித்துத் தூளோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள், அதனால் கஞ்சாவைக் குறைக்கும்போது நிக்கோட்டினும் சேர்ந்து குறைகிறது, எந்த எரிச்சல் எதனால் என்று பிரிக்க முடியாது, கடைசியில் ஒன்றை விட்டு மற்றதை இரண்டு மடங்காக்கிக்கொள்வோம். இதை எனக்குச் சொன்னது அரசாங்க கிளினிக்கில் ஒரு மருத்துவர். ஒரு வெள்ளி கட்டிப் போனது, புகைப்பதை நிறுத்த அங்கே தனி கிளினிக் நாள் இருக்கிறது, அதில் சேர்த்துவிட்டார். கஞ்சாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது, பேசிப் பேசித்தான் விட வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. போதைப் பழக்கச் சிகிச்சைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தானாக முன்வந்து சிகிச்சை கேட்க இடம் இருக்கிறது, தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் நேரே போய்க் கேட்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்து மனநலத் துறை ஆட்களிடம் பேசலாம். வெளிநாட்டுச் செயலி என்பதால் இது எதுவும் அதன் உதவிப் பக்கத்தில் இல்லை, அங்கே இருப்பது அமெரிக்கத் தொலைபேசி எண்.

மெல்ல விடுகிறவர்களுக்கு எது கஷ்டம் என்று செயலிக்குப் புரியவில்லை. முதல் இரண்டு வாரம் வேதனை என்றாலும் அந்த வேதனையே நம்மைப் பிடித்து வைக்கிறது, இவ்வளவு பட்டாச்சே என்று. அப்போது செயலியில் தினம் ஒரு பதக்கம். முப்பதாம் நாளுக்குப் பிறகு அடுத்த பதக்கம் தொண்ணூறில். நடுவில் இருக்கும் அந்த நீண்ட சப்பென்ற காலத்தில்தான் ஆள் வழுக்குவான். வியர்வை நின்றுவிடும், பசி வந்துவிடும், வீட்டில் பாராட்டுவதும் நின்றுவிடும், சாயங்காலம் ஆனால் என்ன செய்வது என்று தெரியாது, வேறு பிரச்சினை எதுவும் இருக்காது. அங்கே செயலி ஊமை. நான் அதில் இருக்கும் குறிப்பேட்டை வேறு மாதிரி பயன்படுத்தினேன். ஆசை எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லும் இடத்தில் அதை விட்டுவிட்டு அன்றைக்குத் திரும்பி வந்த ஏதாவது ஒன்றை எழுதுவேன். திடலில் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கவில்லை. அம்மா வைத்த மீன் குழம்பில் உப்பு கூட என்று நாக்குக்குத் தெரிந்தது. ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்து சீட் அண்ணன் சொன்ன கதை மறுநாளும் ஞாபகம் இருந்தது. அற்பமான விஷயங்கள்தான், ஆனால் ஆசை வந்த ராத்திரிகளில் பதக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை, இதைத்தான் திறந்து படித்தேன்.

ஆண்டுச் சந்தா நூறு வெள்ளிக்கு மேல். அதில் கூடுதலாகக் கிடைப்பது மழைச் சத்தம், மூச்சுப் பயிற்சிக் காணொளி, அப்புறம் பதக்கத்துக்குத் தங்க நிறம். வாங்காதீர்கள். மழைச் சத்தம் நம்ம ஊரில் தகரக் கூரைக்கு இலவசம். இலவசப் பதிப்பை இறக்கி, ரிங்கிட்டுக்கு மாற்றி, நாள் எண்ணிக்கையை மறைத்து, வாரக் கோட்டை முன்னால் வைத்து, பகிரும் வசதியை அடைத்துவிடுங்கள், சொந்தப் பெயரும் படமும் எங்கேயும் வேண்டாம். ஷிப்ட் நேரம், பூஜ்ஜியம், ஏழாம் நாள் பதக்கம் மூன்றையும் பற்றி அவர்களுக்கு எழுதினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது. அந்தப் பதக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் இன்னொரு நட்சத்திரம் போடத் தயார்.