பழைய டெலிபோட்டோ லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? 82,000 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன்

பறவைகளைப் படமெடுக்க எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்ட நண்பர்களுக்கு விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 82,000 போய்விட்டது.

இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்குத் தெரியும், கேமராவைவிட லென்ஸில்தான் எல்லாம் இருக்கிறது. தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டுவது டெலிபோட்டோ லென்ஸ். அதன் குவியத் தூரம் (மி.மீ. கணக்கு) கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும். 300 மி.மீ.யில் சிட்டுக்குருவி வெறும் புள்ளியாக விழும். 500, 600 என்று போனால்தான் இறகு தெரியும். புதிய லென்ஸின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அதனால்தான் பழைய பொருள் விற்கும் செயலிகளில் போய்த் தேடுகிறோம். ஏமாற்றுகிறவர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், பெட்டியோடு, ரசீதோடு, "அதிகம் பயன்படுத்தாதது" என்று விளம்பரம். பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற பச்சைக் குறி வேறு. பேசினேன். அந்த ஆள் விலைப்பேச்சையே எடுக்கவில்லை. "என்ன பறவை எடுக்கிறீர்கள், சார்?" என்றுதான் தொடங்கினார். மீன்கொத்தி என்றேன். பாய்வதற்கு முன் அது தலையை மேலும் கீழும் ஆட்டுமே, அப்போதே விரலைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஷட்டர் திறந்து மூடும் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவாகக் கூடாது என்றார். அத்தனையும் சரியான பேச்சு. அதுதான் இன்னும் எரிகிறது. பிறகு ஒரு படம் அனுப்பினார். அலகில் மீன் துடிக்க, நீரைவிட்டு எழும் மீன்கொத்தி. இறகின் இழைகளை எண்ணிவிடலாம். "இதே லென்ஸில் எடுத்தது, சார். விற்க மனமே இல்லை. முதுகுவலி, இந்த எடையைத் தூக்க முடியவில்லை." ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள லென்ஸ். முதுகுவலிக்காரர் வேறென்ன செய்வார்? கூடவே, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டினால் குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் 2x டெலிகன்வர்ட்டர் ஒன்று இலவசமாம். "600 இனி 1200, சார்!" அன்று மாலையே 82,000 அனுப்பிவிட்டேன்.

வந்த லென்ஸ் வெளியே பளபளவென்று இருந்தது. மாட்டி எடுத்தால் படத்தின் இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் கலங்கல். வெளிச்சம் நுழையும் துளையை f/11 வரை குறுக்கியும் (f எண் கூடினால் துளை சிறுக்கும்) முழுதாகத் தெளியவில்லை. வெளிச்சம் எதிரே இருந்தால் படம் முழுக்க வெண்புகை. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்வில்லையில் சிலந்தி இழை போலப் பூஞ்சை. டெலிகன்வர்ட்டரைப் போட்டதும் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு நின்றே போனது. முழுக்கத் திறந்தாலே f/6.3 ஆன லென்ஸில் 2x போட்டால் இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்து f/13 ஆகிவிடும். என் டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஆட்டோஃபோகஸ் f/8 வரைதான் தாங்கும். 1/2000 சொன்ன வாய்க்கு இது தெரியாதா?

அழைத்தேன். "வெறும் தூசி, சார், படத்தில் விழாது" என்றார். விழுந்த படத்தை அனுப்பினேன். "உங்கள் கேமராவில் ஃபோகஸ் திருத்தம் செய்ய வேண்டும்" என்றார். படத்தில் ஒரு பாதி மட்டும் கலங்குவதற்கு ஃபோகஸ் திருத்தம் என்ன செய்யும்? அடுத்து, "கூரியரில் அடிபட்டிருக்கும்." கூரியரில் பூஞ்சை முளைக்குமா ஐயா? அதோடு சரி. வாய்க்கு வாய் சார் போட்டவர் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

செயலிக்காரர்கள் இவருக்கு அண்ணன்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தால் பணம் திரும்பும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நேரத்துக்குள் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்கும் காணொளி கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். "காணொளியில் பொருள் சேதமின்றித் தெரிகிறது" என்று பதில் வந்தது. உள்வில்லையின் பூஞ்சை அந்தக் காணொளியில் எப்படித் தெரியும்? டார்ச் அடித்து எடுத்த படங்களை அனுப்பினேன். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அடுத்த மின்னஞ்சலில் புகார் முடித்துவைக்கப்பட்டதாம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேள்வி. 82,000த்தை விழுங்கிவிட்டு நட்சத்திரம் கேட்கிறார்கள்!

பழுது பார்ப்பவர் திருகுகளைப் பார்த்ததுமே, "இது கீழே விழுந்த லென்ஸ், யாரோ முன்பே திறந்து மூடியிருக்கிறார்கள்" என்றார். பூஞ்சையைத் துடைக்கலாமாம். ஆனால் அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்த தழும்பு போகாது. இதற்கிடையில் அந்த மீன்கொத்திப் படத்தை இணையத்தில் தேடினேன். வேறு யாரோ ஒருவருடைய பக்கத்தில் இருக்கிறது, 600 மி.மீ. f/4 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸில் எடுத்தது என்ற குறிப்போடு. நம் ஆள் அதே படத்தை வைத்து இப்போது இன்னொரு லென்ஸ் விற்கிறார். பச்சைக் குறி அப்படியே இருக்கிறது.

எந்தக் கேமரா என்றெல்லாம் எழுத இப்போது பொறுமையில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் கேமராவையும் ஒரு டார்ச்சையும் எடுத்துப்போங்கள். 600இல் வைத்து, துளையை முழுக்கத் திறந்து, ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எடுத்து, நான்கு மூலைகளும் ஒரேபோலத் தெளிவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மாதிரிப் படம் காட்டினால் மூலக் கோப்பைக் கேளுங்கள். செய்திச் செயலி வழியாக வரும் படத்தில் எடுத்த லென்ஸின் விவரம் உதிர்ந்துபோயிருக்கும். ரசீதிலும் லென்ஸிலும் வரிசை எண் ஒன்றுதானா பாருங்கள். இலவச டெலிகன்வர்ட்டருக்கு மயங்காதீர்கள்.

மீதி பிறகு. நுகர்வோர் புகாருக்கான தாள்களை இன்றிரவே அச்செடுக்க வேண்டும். 82,000த்தை அப்படியே விடுவதாக இல்லை.