ரீஃப்ளோ அடுப்பு: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

கோவையில் எங்களுடையது சின்ன யூனிட். பம்ப்செட் ஸ்டார்ட்டருக்கும் ஜவுளி மெஷின்களுக்கும் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுக்கிறோம். டிராயர் மாதிரி இழுத்து மூடுகிற மேசை அடுப்பில் நாலு நாலு போர்டாக வேகவைத்துக்கொண்டிருந்தவர்கள், 2018-ல் எட்டு ஸோன் ரீஃப்ளோ அடுப்பு ஒன்றை ஏஜென்ட் மூலம் சீனாவிலிருந்து இறக்கினோம். சால்டர் பேஸ்ட் தடவிப் பாகங்கள் வைத்த போர்டைச் செயினில் உள்ளே ஓட்டி, பேஸ்ட்டை உருக்கிப் பாகங்களை ஒட்டவைக்கும் மெஷின் அது. தனித்தனியாகச் சூடு வைக்கும் பகுதிகள்தான் ஸோன். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஷட்டர் வழியாக நுழையவில்லை, சுவரை இடித்துத்தான் உள்ளே தள்ளினோம். வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து வாசலை அளந்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது அடுப்புக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். போன தடவை கேட்காமல் விட்டதையெல்லாம் இந்தத் தடவை முதலில் கேட்கிறேன்.

விற்க வருகிறவர் எடுத்தவுடன் பேசுவது ஸோன் கணக்கு. ஆறா, எட்டா, பத்தா? அதைவிட எனக்கு வேண்டியது சூடேறும் பகுதியின் நீளம். ஈயமில்லாத சாக் 305 பேஸ்ட் (வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த சால்டர்) 217 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். உச்சம் 240 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், 217-க்கு மேலே ஒரு நிமிடம் போல நிற்க வேண்டும். மொத்தத்தில் போர்டு உள்ளே சுமார் நாலு நிமிடம் இருக்கும். சூடேறும் நீளம் 2.8 மீட்டர் என்றால் செயினை நிமிடத்துக்கு 70 சென்டிமீட்டர் ஓட்டலாம். 25 சென்டிமீட்டர் பேனல் (பல போர்டுகள் சேர்ந்த தட்டு), 5 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் 26 நொடிக்கு ஒரு பேனல் வெளியே வரும். நீளம் 1.8 மீட்டர்தான் என்றால் வேகம் 45 ஆகிவிடும், பேனலுக்கு 40 நொடி. முன்னால் நின்று போர்டில் பாகங்களை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் அதைவிட வேகமாக இருந்து பயனில்லை.

இந்தக் கணக்கையாவது போட்டுப் பார்த்தோம். கோட்டை விட்டது வேறு இடத்தில். டெமோவில் மெல்லிய போர்டு ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் திரையில் ப்ரொஃபைல் கோடு, அதாவது போர்டின் சூடு நேரத்தோடு ஏறி இறங்கும் கோடு, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே வந்தது. நாங்களும் தலையாட்டிவிட்டோம். எங்கள் போர்டில் செம்புப் படலம் தடிமன், நடுவில் பெரிய இண்டக்டர் (கம்பிச் சுருள்) வேறு. முதல் போர்டுக்கு ஓரத்தில் 244, இண்டக்டர் அடியில் 233. அது சரி. வரிசையாக விட்டபோது எட்டாவது போர்டில் இண்டக்டர் அடியில் 223-தான் வந்தது. குளிர்ந்த போர்டு ஒவ்வொன்றும் உள்ளே நுழையும்போது கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதை உடனே ஈடு கட்டும் அளவுக்கு ஹீட்டரும் சூட்டுக் காற்றை அடிக்கும் புளோயரும் இருக்க வேண்டும். அதை நாங்கள் அளந்து பார்த்ததே, இரண்டு மாதம் கழித்து 14 போர்டு திரும்பி வந்த பிறகுதான். லென்ஸில் பார்த்தால் இண்டக்டர் காலடியில் சால்டர் மணல் மணலாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது. ஈயமில்லாத சால்டர் சாதாரணமாகவே கொஞ்சம் மங்கல்தான், ஆனால் இது லேசாக நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. வேகத்தை 70-லிருந்து 60-க்கு இறக்கி, நடு ஸோன்களைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளித்தோம். புளோயரை முடுக்கிப் பார்த்ததில் சின்ன ரெசிஸ்டர்கள் இடம் நகர்ந்தன, அதை விட்டுவிட்டோம். கொட்டேஷனில் எழுதியிருந்த உற்பத்தி அன்றோடு போயிற்று.

அதனால் டெமோவுக்கு உங்கள் யூனிட்டிலேயே கனமான போர்டைக் கொண்டுபோங்கள். ஒன்று போதாது, பத்து வேண்டும். இடைவெளி விடாமல் ஓட்டச் சொல்லி, முதலாவதிலும் பத்தாவதிலும் கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) ஒட்டி அளந்து பாருங்கள். வெறும் காப்டன் டேப்பில் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் டேப்) ஒட்டினால் சூட்டில் டேப் தூக்கிக்கொண்டு காற்றைத்தான் அளக்கும். அலுமினியம் டேப் அல்லது அதிக வெப்பத்தில் உருகும் சால்டர் நல்லது.

அப்புறம் கரண்ட். அடுப்போடு ஒரு சின்ன யூ.பி.எஸ். வரும். அது ஹீட்டருக்கு இல்லை. மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் போர்டுகளை வெளியே கொண்டுவரச் செயினை மட்டும் ஓட்டும். அதற்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மூன்றாவது வருடம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஆபரேட்டர் பெண் ஓடி வந்து, "அண்ணா, செயின் நின்னுபோச்சுங்க, ஆறு போர்டு உள்ளயே இருக்குதுங்க" என்றார். மேல்மூடியைத் தூக்குவதும் மோட்டார்தான். கையால் சுற்றித் தூக்க ஒரு கைப்பிடி கொடுத்திருந்தார்கள், அது ஸ்டோரில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி எடுக்க ஏழு நிமிடம். மூடியைத் தூக்கியபோது பச்சைப் போர்டுகள் கருப்பட்டி நிறத்தில் இருந்தன. இப்போது அந்தக் கைப்பிடி அடுப்பின் பக்கவாட்டிலேயே சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது. பேட்டரி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு மாறிவிடும்.

எங்கள் அடுப்பு சூடேறும்போது 40 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், சூடேறி நின்ற பிறகு 9 போல. எல்லா ஸோனும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் ஒவ்வொன்றாக ஏறும்படி வைக்க முடியுமா என்று கேளுங்கள். மின்வாரியத்தில் வாங்கியிருக்கும் லோடு அதற்குத் தாங்கினால் போதும்.

பராமரிப்பில் என்னைப் படுத்துவது ஃப்ளக்ஸ், சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகப் பேஸ்ட்டில் கலந்திருக்கும் பொருள். பேஸ்ட்டிலிருந்து ஆவியாகிப் போவதெல்லாம் குளிர்விக்கும் பகுதியில் தேன் பதத்தில் பழுப்பாகப் படியும். ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் போர்டு மேலேயே சொட்டும். ஃப்ளக்ஸைப் பிடித்து வைக்கும் தட்டைக் கழற்றி எடுக்க எத்தனை ஸ்க்ரூ என்று டெமோவிலேயே எண்ணிப் பாருங்கள். எங்களுடையதில் 16. புகைக்குழாயும் அப்படித்தான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குழாய் வழியாக உள்ளே அடித்து ப்ரொஃபைலையே மாற்றிக்கொண்டிருந்தது. அடுப்பில் கோளாறு என்று மூன்று நாள் அலைந்தோம். குழாய் உச்சியில் தொப்பி போட்டதும் சரியாகிவிட்டது.

செயினுக்குக் கடைக் கிரீஸ் போட்டது எங்கள் தப்பு. கரியாக இறுகி, செயின் திக்கித் திக்கி ஓடியது. உயர் வெப்ப எண்ணெய் விலை அதிகம், ஆனால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

சந்தையில் மேல்தட்டில் அமெரிக்காவின் ஹெல்லர், பி.டி.யூ., ஜெர்மனியின் ரெம், எர்சா. அடுத்து ஜே.டி. போன்ற சீனக் கம்பெனிகள். மூன்றாவது, பெரிய ஃபேக்டரிகள் லைன் மாற்றும்போது வெளியே வரும் பழைய மெஷின்கள். பழையது வாங்குவதில் தப்பில்லை. ஆனால் 2006 ஜூலையில் ஐரோப்பாவின் ஈயக் கட்டுப்பாடு அமலுக்கு வருவதற்கு முந்தைய மெஷின் என்றால் 183 டிகிரியில் உருகும் பழைய சால்டருக்காகச் செய்ததாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல், சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு, இரண்டு புளோயர் மோட்டார், நாலு எஸ்.எஸ்.ஆர். (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். 2020 ஊரடங்கில் ஒரு மோட்டார் பேரிங் விசிலடித்து நின்றது. ஸ்பேர் வர மூன்று மாதம் ஆனது.

இறக்குமதி செய்தால் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) பின்னால் நம் ஜி.எஸ்.டி. கணக்கில் கழியும், சுங்க வரி கழியாது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இ.பி.சி.ஜி. (ஏற்றுமதிக்கான மெஷின் இறக்குமதி) திட்டத்தில் அந்தச் சுங்க வரி இல்லை. மிச்சமாகும் வரியைப்போல ஆறு மடங்குக்கு ஆறு வருடத்தில் ஏற்றுமதி காட்ட வேண்டும். எங்களுக்கு அது சரிப்படாது. உள்ளே காற்றுக்குப் பதில் நைட்ரஜன் விட்டு ஓட்டும் வசதியும் எடுக்கவில்லை, எங்கள் போர்டில் அவ்வளவு நுணுக்கமான பாகங்கள் இல்லை.

போன வாரம் இரண்டு ஏஜென்ட்டுகளுக்கும் பத்துப் பத்துப் போர்டு அனுப்பினேன். ஒருவரிடமிருந்து ப்ரொஃபைல் வந்துவிட்டது, முதலாவதற்கும் பத்தாவதற்கும் 4 டிகிரிதான் வித்தியாசம். விலை இரண்டு லட்சம் கூட. இன்னொருவர் போர்டு கிடைத்தது என்று சொன்னதோடு சரி, அதற்கப்புறம் பேச்சையே காணோம்.