முதுகைக் காட்டும் படத்துக்கு ஒரு பிரேம்: மூஞ்சிக்கல் கடை அனுபவம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், கடைவீதியிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பிரேம் கடை இருக்கிறது. கல்யாணப் படம், சாமி படம், இறந்தவர்களின் படம் ஆகிய மூன்றும்தான் அங்கே பெரும்பாலும் சட்டம் போட வரும். 2024 ஜூன் 19 அன்று காலை நாங்கள் நான்கு பேர் கொண்டுபோன படமும் மூன்றாவது வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், இறந்தவர் எங்களுக்கு உறவினரும் அல்லர், இந்த நாட்டுக்காரரும் அல்லர். அவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் வில்லி மேய்ஸ்.

எங்களுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் பள்ளி தொடங்கிய ஊர் இது. எங்களில் மூத்தவருக்கு இளம் வயதில் அமெரிக்க ஆசிரியர் ஒருவர் மூலம் இந்த ஆட்டம் பழக்கமாகி, அவரிடமிருந்து எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வரும் என்பதால், டீக்கடை திறக்கும் நேரத்தில் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அன்றும் சிகாகோவில் ஜயன்ட்ஸ் அணி ஆடிக்கொண்டிருந்தபோதுதான், அந்த அணியின் பழைய நாயகன் 93-ஆம் வயதில் காலமான செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள அவரது சிலையடியில் ரசிகர்கள் பூ வைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த மரியாதை, படத்துக்குச் சட்டம் போட்டு மாலையிடுவது.

படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் தயங்கினார். "முகமே தெரியலையே சார், இதுக்கு எப்படி மாலை போடறது?" என்றார். நாங்கள் கொண்டுபோனது 1954 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் எடுத்த படம். ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், இரு அணிகளும் 2–2 என்று சமநிலை, ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டு வர வேண்டிய தளங்களில் எதிரணியினர் இருவர். எதிரணியான கிளீவ்லாந்தின் விக் வெர்ட்ஸ் ஓங்கி அடித்த பந்து தலைக்கு மேல் பறக்க, மேய்ஸ் அடித்தவருக்கு முதுகைக் காட்டியபடி சுவரை நோக்கி ஓடி, தோளுக்கு மேலாக வந்து விழுந்த பந்தைக் கையுறையில் வாங்கி, வாங்கிய வேகத்திலேயே சுழன்று உள்ளே எறிந்தார். இரண்டாம் தளத்தில் நின்றவர் மூன்றாம் தளத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த இன்னிங்ஸில் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. அப்போது நியூயார்க்கில் இருந்த ஜயன்ட்ஸ் அணி அந்த ஆட்டத்தை 5–2 என்றும், தொடரை 4–0 என்றும் வென்றது. ஆகவே படத்தில் இருப்பது ஒரு முதுகும் 24 என்ற எண்ணும்தான்.

1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைக் கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்தாரே, அதுபோல என்று விளக்கினோம். "கபிலுக்கு ஒரு பக்கமாவது மூஞ்சி தெரியும்" என்றார் அவர். மேய்ஸ் பெரிய ஆட்டக்காரரான பிறகும் ஹார்லெம் தெருக்களில் சிறுவர்களோடு குச்சியையும் ரப்பர் பந்தையும் வைத்து ஆடியவர் என்று எங்கள் மூத்தவர் சொன்ன பிறகுதான் மனிதர் அளவுநாடாவைக் கையில் எடுத்தார்.

இனி வேலையைப் பற்றி. மலையில் சட்டம் போடுவதும் சமவெளியில் போடுவதும் ஒன்றல்ல என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றவன். கீழே ஓர் ஊரில் சட்டம் போட்டு வந்த என் பெற்றோரின் படம், ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டி, ஓரங்களில் பூஞ்சை பூத்துவிட்டது. இந்தக் கடைக்காரர் படத்தைக் கண்ணாடியில் படவே விடுவதில்லை. சுற்றிலும் தடித்த மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுகிறார். பின்பக்கப் பலகையை 100 வாட் குண்டு பல்பின் கீழே வைத்து, உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஈரம் போன பிறகே பொருத்துகிறார். ஆணி அடித்த விளிம்பு முழுவதையும் பழுப்பு நிற ஒட்டுத்தாளால் மூடி, கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டுகிறார். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போக அதுதான் வழி. பூமாலையின் ஈரம் சட்டத்துக்குள் இறங்கும் என்பதால், படத்தின் மேல் சாத்தாமல், சற்று உயரத்தில் தனி ஆணி அடித்துத் தொங்கவிடச் சொன்னார். எழுபது ஆண்டுப் பழைய படம், பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று 12-க்கு 18 அங்குலத்தோடு நிறுத்தியதும் அவரே. பெரிய அளவென்றால் கூடுதலாகப் பணம் வாங்கியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு என்று சொன்னவர் இரவு ஒன்பதுக்குத்தான் கொடுத்தார். அதற்குக் காரணம் படத்தின் கீழே வரும் எழுத்து. 'தோற்றம் 06.05.1931 – மறைவு 19.06.2024' என்று அச்சிட்டு வைத்திருந்தார். அமெரிக்காவில் அப்போது 18-ஆம் தேதி என்று சொன்னபோது, "நீங்க எந்திரிச்சு வந்து சொன்ன நாள்தானே போட முடியும்?" என்றார். திதி பார்க்கிறவர்களுக்கு அது சரியான வாதமாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் மாற்றிக் கொடுத்தார், கூடுதல் காசு கேட்கவில்லை. பெயருக்குக் கீழே 660 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) என்று போடச் சொன்னதில் 'ஹோம்' என்பது 'ஓம்' ஆகிவிட்டது. அதை நாங்களே விட்டுவிட்டோம். சாதாரணக் கண்ணாடி என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பாதி தெரியாது. ரசீது தருவதில்லை. மொத்தம் 1,450 ரூபாய், இந்த ஊருக்கு அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 21 விடிவதற்கு முன்பே டீக்கடை மாடியில் படத்தை மாட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தோம். அது அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், 1910-ல் கட்டிய ரிக்வுட் மைதானத்தில் நடந்தது. கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் ஒதுக்கி வைத்ததால் அவர்களுக்கென்று தனி லீக்குகள் இருந்த காலத்தில், மேய்ஸ் 1948-ல் பள்ளி மாணவனாக இருந்தபோதே பிளாக் பாரன்ஸ் அணிக்காக ஆடிய மைதானம் அது. அவரையும் அந்த லீக்குகளையும் கௌரவிக்க முன்பே திட்டமிட்டிருந்த ஆட்டம், அவர் இறந்த இரண்டாம் நாளில் அஞ்சலியாகிவிட்டது. ஜயன்ட்ஸ் 6–5 என்று தோற்றது. மூத்தவர் மாலையைச் சரிசெய்வதுபோல எழுந்துபோய் வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். கீழேயிருந்து ஐந்தாவதாக ஒரு டீ தவறுதலாக வந்தது. யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் கடந்தும் படத்தில் பூஞ்சை இல்லை. பின்பக்க ஒட்டுத்தாள் மட்டும் ஒரு மூலையில் கிளம்பியிருந்ததால் கடைக்குக் கொண்டுபோனேன். "முதுகு காட்டிக்கிட்டு ஓடுவாரே, அவரா?" என்று வாங்கி, புதுத் தாள் ஒட்டி, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற நாளில் காலை பத்து மணிக்கு மேல் போங்கள்.