21 நாளில் கடி நிற்கும் என்றார், நின்றுபோனது உறுமல்

நாய்ப் பயிற்சிக்காக யாரிடமாவது முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 24,000 ரூபாயும் என் சின்ன மாமாவின் வலது கையில் இரண்டு ஆழமான பல்தடங்களும் கொடுத்துத் தெரிந்துகொண்டது இது.

எங்கள் நாயின் பெயர் கடுகு. கோவையில் ஒரு மழைநாளில், காய்கறி லாரியின் சக்கரத்தடியில் தனியாகக் கிடந்தான். ஐந்து வாரம் இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். அப்பன் சிப்பிப்பாறையாக இருக்கலாம் என்று நீண்ட கால்களைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கியவனுக்கு அந்தப் பெயரை வைத்தோம். ஒன்பதாவது மாதத்தில் அவன் பாய்ந்து வந்தால் நான் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடுகுக்கு யார்மீதும் கோபம் கிடையாது. குஷி வந்தால் கையைக் கவ்வுவான், அவ்வளவுதான். பால்பற்கள் 28 இருந்த காலத்தில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று வலிக்கும். சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வோம். அவை உதிர்ந்து 42 பற்கள் முளைத்து, தாடைக்கும் பலம் வந்த பிறகும் அவன் அதே குட்டி விளையாட்டைத்தான் விளையாடினான். பதினொரு வயது மகள் முழங்கையில் நீலம் பாரித்துப் பள்ளிக்குப் போனாள். ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, வீட்டில் யாராவது பிள்ளையை அடிக்கிறார்களா என்று கேட்டார்.

அந்த வாரம்தான் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. 21 நாளில் கடி நிற்கும், நிற்காவிட்டால் பணம் வாபஸ். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். நகருக்கு வெளியே ஒரு தோட்டம். வீடியோவில் நான்கு நாய்கள் வரிசையாகக் கல்லைப்போல் படுத்திருந்தன. ஆகா, என்ன ஒழுக்கம் என்று நினைத்தேன். பயிற்சியாளர் இனிமையாகப் பேசினார். “மேடம், உங்கள் வீட்டில் அவன்தான் தலைவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஓநாய்க் கூட்டத்தில் ஒரே ஆல்பாதான். அதை அவனுக்குப் புரியவைத்துவிட்டால் கடி தானாக நின்றுவிடும்” என்றார்.

பின்னாளில் தேடிப் படித்தேன். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வளர்த்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்து கிளைத்த கதை இது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதிவிட்டார். எங்கள் பயிற்சியாளருக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

முன்பணம் 16,000. ரசீது கேட்டதற்குத் தன் நோட்டில் எழுதிக் காட்டினார். நடுவில் வந்து பார்க்கக் கூடாது என்றார். எங்கள் முகத்தைக் கண்டால் பயிற்சி கலைந்துவிடுமாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. விடுதியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் முதல் மாதம் பார்க்கப் போகாமல் இருப்பதில்லையா என்று வீட்டில் நானே அவருக்காக வாதாடினேன்.

இருபத்திரண்டாம் நாள் கடுகு வண்டியிலிருந்து இறங்கினான். குதிக்கவில்லை. மகள் கையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை ஒருமுறை நக்கிவிட்டு, மூலையில் போய்ப் படுத்தான். எங்களுக்கோ ஒரே சந்தோஷம். மீதி 8,000த்தோடு கூட ஆயிரம் ரூபாய் அன்பளிப்பும் கொடுத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் சின்ன மாமா வந்தார். கடுகைக் குட்டியிலிருந்து தூக்கி வளர்த்தவர். வழக்கம்போல் “என்னடா மாப்பிள்ளை” என்று கழுத்தைப் பிடித்துத் தடவினார். உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை, மூக்கு சுருங்கவில்லை. அடுத்த நொடி அவர் கையில் பல் இறங்கியிருந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். கடுகுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தும், மாமாவுக்கு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் கழுத்து முடியை விலக்கிக் காட்டினார். இரண்டு புண்கள், பக்கத்தில் பக்கத்தில், சீழ் கட்டியிருந்தன. அதிர்ச்சி கொடுக்கும் மின்பட்டை கட்டியிருக்கிறார்கள். மின்சாரம் சுட்ட புண்ணா என்று கேட்டேன். பெரும்பாலும் அப்படி இருக்காது, அதன் இரண்டு உலோக முனைகளும் சதையில் அழுந்தும்படி இறுக்கி, நாள்கணக்கில் கழற்றாமல் விட்டால் சதையே செத்துப்போகும் என்றார். மாமா தடவியது சரியாக அந்த இடத்தை.

ஏன் உறுமவில்லை என்பதற்கு அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உறுமும்போதெல்லாம் தண்டனை கிடைத்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும். வலியும் பயமும் உள்ளே அப்படியே இருக்கும். “எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். காசும் வாங்கியிருக்கிறார்கள்” என்றார்.

கடுகுக்குத் தேவைப்பட்டது வேறு. மருத்துவர் அதை ‘வாய்ப்பதம்’ என்றார். கூடப் பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். இவ்வளவு அழுத்தினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். ஐந்து வாரத்தில் தனியாகக் கிடந்தவனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. வளர்ந்தபின் கற்பிப்பது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் முடியும் என்றார்.

அதற்கு ஆன செலவு ஒரு கயிற்றுப் பொம்மை. புண் ஆறி, அவனே விளையாட வந்த பிறகு தொடங்கினோம். கையில் பல் அழுந்தினால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஓடும் கையைத் துரத்தத்தான் அவனுக்குத் தோன்றும். அசையாமல் நின்று, சத்தமில்லாமல் எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் போய்விட வேண்டும். திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடரலாம். வீலென்று கத்திப் பார்த்தோம். சில நாய்களுக்கு அது பலிக்குமாம். இவனுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது, விட்டுவிட்டோம். முதலில் வலிக்கும் கடிக்கு மட்டும் எழுந்து போனோம். அது குறைந்ததும், பல் பட்டாலே எழுந்து போனோம். கண் விரிந்து ஆட்டம் சூடேறுவதற்கு முன்பே கயிற்றை எடுத்து வைத்துவிடுவோம். இன்னொன்றும் கண்டுபிடித்தோம்: பகலில் தூங்காத நாளில்தான் கடி அதிகம். இந்த வயதில் நாய்க்குத் தூக்கம் நிறைய வேண்டும். தூங்காத பிள்ளை அடம்பிடிக்கும் என்று தெரிந்த எனக்கு, இது எப்படித் தோன்றாமல் போனது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கடி நிற்கும் என்றோம். விளையாட்டில் கடிக்கிறானா, சொல்லுங்கள்” என்றார் பயிற்சியாளர். உண்மைதான், அப்போது அவன் விளையாடவே இல்லையே. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டுச் சட்டம். முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். நான் கொடுத்த அன்பளிப்பில் இருபது நாய்களுக்குக் கட்டலாம். ஆகவே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கைப்பேசி வழியே பணம் அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவுதான் எனக்கு ரசீது. ரொக்கமாகக் கொடுத்த ஆயிரத்துக்குச் சாட்சி என் முட்டாள்தனம் மட்டுமே.

பயிற்சிக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலில் பட்டை, தலைவன், அடக்குவது என்ற சொற்கள் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடாதவரிடம் ஒரு மணி நேரம்கூட நாயை விடாதீர்கள்.

போன வாரம் மகள் அவன் எலும்பின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அடித்தொண்டையிலிருந்து மெல்ல ஓர் உறுமல் வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு, “அம்மா, உறுமிவிட்டான்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

அந்தத் தோட்டம் இப்போது வேறு பெயரில் விளம்பரம் செய்கிறது. புது வீடியோவில் ஐந்து நாய்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. காது பின்னால் மடிந்து, வாலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, இடமிருந்து இரண்டாவதாகப் படுத்திருப்பவன் கடுகு.